யோசியா ஹென்சன்: இரண்டு வாக்குறுதிகள்

இந்த ஆண்டு விழா மலரில் ஒரு தேவ மனிதரின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் வாழ்ந்து, ஊழியம் செய்து, அடக்கம் பண்ணப்பட்ட இடம் நாம் காரில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

ரொறொன்ரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போங்கள். ஒன்ராறியோவின் லண்டன் நகரைத் தாண்டி, சாத்தம் நகரை நெருங்கும்போது வடக்கே திரும்பினால் டிரெஸ்டன் என்ற சிற்றூர் வரும். ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். சுற்றிலும் தட்டையான வயல்வெளிகள். அங்கே சுமார் 5 ஏக்கர் நிலத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மரவீடு, பழைய ஆலயக் கட்டடம், மரம் அரியும் ஆலை, இரண்டு கல்லறைத் தோட்டங்கள். நயாகராவைப் போலக் கூட்டம் அலைமோதும் இடமல்ல. ஆனால் அந்த மரவீட்டில் குடியிருந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால், அவசரமாக வெளியே வர மனம் வராது.

அவர் பெயர் யோசியா ஹென்சன். அடிமையாகப் பிறந்தவர். போதகராக மரித்தவர். பெப்ரவரி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அவர் செய்த நன்மைகள் பல. ஆனாலும் அவர் செய்த ஒரு தவறைப் பற்றியும் மறைக்காமல் எழுதப் போகிறேன். அது கெட்ட எண்ணத்தால் செய்த தவறல்ல. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தால் செய்த தவறு. அதனால்தான் அது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கிறது.

லாடத்துக்கு விலைபேசப்பட்ட பிள்ளை

யோசியா 1789ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவரே கடைசி. அந்த நாட்களில் அங்கே அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் அடிமைதான். பிள்ளை தாய்க்குச் சொந்தமல்ல; தாயின் எஜமானுக்குச் சொந்தம். பெயரைக்கூட எஜமான்தான் வைத்தார். மக்ஃபெர்சன் என்ற வைத்தியர் தன் சொந்தப் பெயரான யோசியாவையே அந்தக் குழந்தைக்கு வைத்தார்.

தகப்பனைப் பற்றி யோசியாவுக்கு ஞாபகத்தில் நின்ற முதல் காட்சி, தலையில் இரத்தத்தோடு அவர் வீட்டுக்கு வந்த காட்சிதான். மனைவியை மானபங்கப்படுத்த முயன்ற கங்காணியை அவர் அடித்துவிட்டார். ஓர் அடிமை வெள்ளைக்காரன்மேல் கை வைத்தால் காரணம் கேட்க மாட்டார்கள். அவருக்குக் கசையடி கொடுத்து, ஒரு காதையும் அறுத்தார்கள். எந்நேரமும் சிரித்துப் பாடிக்கொண்டிருந்த மனிதர் அதன்பின் பேச்சை இழந்து இருண்டு போனார். கொஞ்ச நாளில் தூரத்து அலபாமாவுக்கு விற்கப்பட்டார். அவருக்கு என்ன நடந்தது என்று குடும்பத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு வைத்தியரும் இறந்தார். சொத்துகளைப் பங்கு பிரிக்க அடிமைகளை ஏலத்தில் விட்டார்கள். யோசியாவின் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒவ்வொருவராக ஒவ்வொரு கைக்குப் போனார்கள். தாயை ஐசக் ரைலி என்பவர் வாங்கினார். கடைசிப் பிள்ளையையாவது தன்னோடு வாங்கிக்கொள்ளும்படி அந்தத் தாய் அவருடைய காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் அவளை உதைத்துத் தள்ளினார். பிள்ளை வேறொருவரிடம் போனான்.

புது இடத்தில் தாயில்லாத பிள்ளை படுத்த படுக்கையானான். சாகப் போகிற பிள்ளையால் இலாபமில்லை என்று கண்ட புது எஜமான், ரைலியிடம் ஒரு பேரம் பேசினார். பையன் பிழைத்தால் அவனுடைய விலைக்கு ஈடாகக் குதிரைகளுக்கு லாடம் அடித்துக் கொடுக்க வேண்டும். செத்துப்போனால் ஒன்றும் தர வேண்டாம். பிள்ளைகளே, ஒரு மனிதப் பிறவிக்கு அன்று போட்ட விலை இதுதான். தாயின் மடிக்கு வந்த பையன் பிழைத்துக்கொண்டான்.

ஒரு பாண்காரரின் பிரசங்கம்

யோசியா பலசாலியாக வளர்ந்தார். ஓட்டத்திலும் வேலையிலும் அவரை யாரும் வெல்ல முடியாது. அவருக்கு வேதம் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தவள் தாய் மட்டுமே.

ஏறக்குறைய 18 வயதில், தாயின் தூண்டுதலால் ஒரு பிரசங்கத்தைக் கேட்கப் போனார். பிரசங்கித்தவர் ஜோன் மக்கென்னி. பாண் போடும் தொழில் செய்தவர். அடிமைகளின் உழைப்பைத் தன் தொழிலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று உறுதியாக இருந்தவர். அன்று அவர் எடுத்துக்கொண்டது எபிரெயர் நிருபம் 2ஆம் அதிகாரம் 9ஆம் வசனம். கிறிஸ்து ஒவ்வொரு மனிதனுக்காகவும் மரணத்தை ருசிபார்த்தார் என்பது அதன் பொருள்.

நாம் சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய செய்தி இது. யோசியாவுக்கோ அது அன்றுதான் புதிதாய்க் கேட்ட செய்தி. ஒவ்வொரு மனிதனுக்காகவும் என்றால் எஜமானுக்காக மட்டுமல்ல, அடிமைக்காகவும். காது அறுக்கப்பட்ட தகப்பனுக்காகவும், உதைபட்ட தாய்க்காகவும், லாடத்துக்கு விலைபேசப்பட்ட தனக்காகவும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காட்டுக்குள் ஒதுங்கி ஜெபித்தார். அந்த நாளையே தன் மறுபிறப்பின் நாளாக அவர் கடைசிவரை எண்ணினார். கேட்டதை மற்ற அடிமைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். பிரசங்கியாரான யோசியா அன்றே பிறந்துவிட்டார்.

நாளடைவில் ரைலி தன் தோட்டப் பொறுப்பு முழுவதையும் அவரிடமே விட்டார். 22 வயதில் சார்லட் என்ற பெண்ணை மணந்தார். ஒருமுறை, குடிவெறியில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ரைலியைக் காப்பாற்றியதற்காக, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வஞ்சம் வைத்து அவருடைய கையையும் தோள் எலும்புகளையும் அடித்து உடைத்தான். அதன்பின் சாகும்வரை கைகளைத் தலைக்குமேல் உயர்த்த அவரால் முடியவில்லை. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவன், நம்பத் தகுந்தவன் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

முதல் வாக்குறுதி

1825ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இரவு ரைலி, யோசியாவின் குடிசைக்கு வந்து அழுதார். கடன் தொல்லை. வழக்கில் தோற்றுவிட்டார். அடிமைகளை அதிகாரிகள் பறிமுதல் செய்வதற்குள் அவர்களைக் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் தன் சகோதரர் ஏமோஸ் ரைலியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று மன்றாடினார். யோசியா இரங்கினார். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தவிர 18 பேர் அவருடைய பொறுப்பில். காவலுக்கு வெள்ளைக்காரர் யாரும் கூட வரவில்லை. மலைகளைத் தாண்டி ஒஹையோ ஆற்றை அடைந்து, அங்கே ஒரு படகு வாங்கி, ஆற்றின் போக்கிலே போனார்கள்.

இந்த ஆற்றின் கரைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்கரையில் கென்டக்கி, அங்கே அடிமைமுறை உண்டு. வடகரையில் ஒஹையோ மாநிலம். அங்கே அடிமைமுறை இல்லை. படகு வடகரையில் உள்ள சின்சினாட்டித் துறையில் நின்றபோது, அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள் கூட்டமாக வந்தார்கள். இறங்கிவிடுங்கள், இங்கேயே இருந்துவிடுங்கள், நீங்கள் எல்லோரும் விடுதலையானவர்கள் என்று வற்புறுத்தினார்கள். படகில் இருந்தவர்களின் முகங்கள் மலர்ந்தன. அவர்கள் எல்லோரும் யோசியாவின் முகத்தையே பார்த்தார்கள்.

யோசியாவுக்கும் விடுதலை என்றால் ஆசைதான். ஆனால் ஓடிப்போவதை அவர் நினைத்ததில்லை. பணம் கொடுத்து, நேர்மையாக விடுதலை வாங்கவேண்டும் என்பதே அவருடைய கனவு. எஜமானுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்கு மாறுவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல என்று நினைத்தார். படகைத் தள்ளச் சொன்னார். கரை பின்னால் போனது. 18 பேரையும் பத்திரமாகக் கென்டக்கியில் ஒப்படைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1828இல் ரைலியிடமிருந்து கட்டளை வந்தது. யோசியாவின் குடும்பம் தவிர மற்ற எல்லோரையும் விற்றுப் பணத்தை அனுப்ப வேண்டும். ஏலம் நடந்தது. தாயையும் பிள்ளையையும், கணவனையும் மனைவியையும் பிரித்தார்கள். சிறுவயதில் தான் பட்ட அதே காட்சியை யோசியா மறுபடி கண்டார். ஆனால் இந்த முறை அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவரே. சின்சினாட்டிக் கரையில் தன் ஒரு சொல்லால் அவர்கள் எல்லோரும் தப்பியிருக்கலாம் என்பது அன்று அவருக்கு விளங்கியது. பின்னாளில் தன் வாழ்க்கைச் சரிதையைச் சொன்னபோது, இந்தச் சம்பவத்தை மறைக்கவில்லை. அந்த நினைவு தன்னை எத்தனையோ முறை வாட்டி வதைத்தது என்று பதிவு செய்திருக்கிறார்.

கோடரியைக் கீழே வைத்த இரவு

அதே 1828இல் மெதடிஸ்த சபை அவரைப் பிரசங்கியாராக ஏற்றுக்கொண்டது. பிரசங்கித்துக் கிடைத்த காணிக்கைகளைச் சேர்த்து, மேரிலாந்துக்குப் போய், தன் விடுதலைக்கு விலைபேசினார். 450 டொலர் என்று முடிவானது. 350 டொலரை அப்போதே செலுத்தினார். மீதி 100 டொலருக்குக் கடன் பத்திரம். ஆனால் வாசிக்கத் தெரியாத அவரை ரைலி ஏமாற்றினார். கென்டக்கிக்குத் திரும்பியபோது, விலை 1000 டொலர் என்று சகோதரருக்குச் செய்தி போயிருந்தது. யாருக்குக் கொடுத்த வாக்குக்காக 18 பேரின் விடுதலையைக் கைவிட்டாரோ, அந்த மனிதனே அவருக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டான்.

1830இல் ஏமோஸ் ரைலியின் இளவயது மகனோடு யோசியாவைப் படகில் நியூ ஓர்லீன்ஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தன்னை விற்கப் போகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நகரத்தை நெருங்கிய ஓர் இருண்ட இரவில், படகில் மற்றவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யோசியா கோடரியைக் கையில் எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த இளைஞனின் அருகில் போய் அதை ஓங்கியும் விட்டார். அந்தக் கணத்தில், தான் கிறிஸ்தவன் என்ற நினைவு அவரைத் தடுத்தது. கொலை செய்து கிடைக்கும் விடுதலையால் தன் ஆத்துமாவை இழந்துபோவேன் என்று உணர்ந்து, வெட்கத்தோடு கோடரியைக் கீழே வைத்தார்.

கொஞ்ச நாளில் அந்த இளைஞன் கடும் காய்ச்சலில் விழுந்தான். தன்னை விற்க வந்தவனை யோசியா இரவும் பகலும் பராமரித்து, நீராவிக் கப்பலில் ஏற்றி, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். குடும்பத்தார் மகிழ்ந்தார்கள். விடுதலை தருவதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

இங்கே கவனியுங்கள். ஒரு மனிதனைக் கொல்லக் கூடாது என்பது கர்த்தருடைய கட்டளை. அதை அவர் காத்துக்கொண்டார். ஆனால் தன்னை விற்கவும் வாங்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்பது கர்த்தருடைய கட்டளை அல்ல. அந்த வித்தியாசம் இப்போது அவருக்குத் தெளிவாகிவிட்டது. தப்பிப்போக முடிவு செய்தார்.

முதுகில் இரண்டு பிள்ளைகள்

சார்லட் முதலில் பயந்தாள். அப்போது அவர்களுக்கு நான்கு பிள்ளைகள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் சம்மதித்தாள். சின்னப் பிள்ளைகள் இருவருக்கும் நெடுந்தூரம் நடக்க முடியாது. அவர்களைத் தூக்கிச் செல்வதற்காக, முதுகில் மாட்டக்கூடிய ஒரு பெரிய துணிப்பையைத் தைத்தாள். யோசியா இரவுகளில் பிள்ளைகளை அதில் வைத்துக் குடிசையைச் சுற்றி நடந்து பழகினார். தோள் எலும்பு உடைபட்டவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1830 செப்டம்பர் நடுவில், நிலவில்லாத ஒரு சனிக்கிழமை இரவு புறப்பட்டார்கள். சக அடிமை ஒருவர் சிறு தோணியில் ஒஹையோ ஆற்றைக் கடக்க வைத்தார். பகலில் காட்டில் ஒளிந்து, இரவில் நடந்து, அதே சின்சினாட்டியை அடைந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குமுன் எந்த மக்களின் வேண்டுகோளை அவர் தட்டிவிட்டுப் போனாரோ, அதே நகரத்து நண்பர்கள்தான் இப்போது குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுத்து, வண்டியில் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் விட்டார்கள்.

அதற்கு அப்பால் அடர்ந்த காடு. கையில் இருந்த உணவு தீர்ந்தது. சார்லட் ஒருமுறை மயங்கி விழுந்தாள். வழியில் சந்தித்த பூர்வீகக் குடிமக்கள் உணவு கொடுத்துத் தங்கவும் வைத்தார்கள். ஈரி ஏரியின் கரையில் ஒரு ஸ்கொத்லாந்துக் கப்பல் தலைவர் அவர்களை ஏற்றிக்கொண்டு பஃபலோவில் இறக்கினார். நயாகரா ஆற்றைக் கடக்கும் படகுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, நல்ல மனிதனாக வாழும்படி அவர் யோசியாவிடம் கேட்டுக்கொண்டார். யோசியா, தன் விடுதலையை நல்லபடி பயன்படுத்துவேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இதுதான் இரண்டாவது வாக்குறுதி. முதலாவது, அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தவனுக்குப் பயத்திலும் பரிதாபத்திலும் கொடுத்தது. இரண்டாவது, ஒரு விடுதலையான மனிதன் மனமார இன்னொரு மனிதனுக்குக் கொடுத்தது.

1830 அக்டோபர் 28ஆம் தேதி காலை அவர்கள் மேல் கனடாவின் மண்ணில் கால் வைத்தார்கள். யோசியா தரையில் விழுந்து, மணலில் புரண்டு, குதித்து ஆடினார். பார்த்தவர்கள் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். கனடாவிலும் முன்பு அடிமைகள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1793இல் மேல் கனடாவில் வந்த சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆகவேதான் தென்னாட்டு அடிமைகள் வட திசை விண்மீனைப் பார்த்து நடந்தார்கள்.

மகன் கற்றுக்கொடுத்த எழுத்து

புது நாட்டில் முதல் வீடு, பன்றிகள் இருந்த ஒரு பழைய கொட்டில். யோசியா அதைக் கழுவித் துடைத்து, வைக்கோல் பரப்பிக் குடும்பத்தைக் குடியேற்றினார். வேலைக்கு அமர்த்தியவர் மூத்த மகன் டொம்மைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

பிரசங்கியாரான தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்ட வசனங்களை மனதில் வைத்தே பிரசங்கித்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டொம் அவருக்காக 103ஆம் சங்கீதத்தை வாசித்தான். வாசித்து முடித்து, தாவீது என்பவர் யார் என்று தகப்பனிடம் கேட்டான். யோசியாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். பேச்சை மாற்றப் பார்த்தார். பையன் விடவில்லை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவனுக்கு விளங்கியது. தானே கற்றுக்கொடுப்பதாகச் சொன்னான். நாற்பது வயதைத் தாண்டிய தகப்பன், நாள் முழுவதும் உழைத்துவிட்டு, இரவில் நெருப்பு வெளிச்சத்தில் பன்னிரண்டு வயது மகனிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு கடிதத்தை, ஒரு படிவத்தை நீங்கள் வாசித்துச் சொல்லியிருப்பீர்கள். அடுத்த முறை பொறுமையாக வாசித்துச் சொல்லுங்கள். பெரியவர்களே, பிள்ளையிடம் கேட்டுக் கற்பதில் குறைவில்லை. வாசிக்கத் தெரியாததால் 1000 டொலர் பத்திரத்தில் ஏமாந்த மனிதர் பின்னாளில் ஒரு பள்ளிக்கூடத்தையே உருவாக்கினார்.

விடியல் என்ற குடியேற்றம்

விடுதலை கிடைத்து வந்தவர்கள் பலர் மற்றவர்களின் வயல்களிலேயே கூலிவேலை செய்து, கிடைத்ததைச் செலவழித்து, அப்படியே நின்றுவிடுவதை யோசியா கண்டார். சொந்த நிலமும் கைத்தொழிலும் எழுத்தறிவும் இல்லாவிட்டால் விடுதலை பாதிதான் என்று நினைத்தார். மிஷனரி ஹைரம் வில்சனும், குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் கனிங்ஸ் புல்லரும் துணை நின்றார்கள். 1841இல் சிடன்ஹாம் ஆற்றின் அருகே, இன்றைய டிரெஸ்டன் பக்கத்தில், 200 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1842 டிசம்பரில் பிரித்தானிய அமெரிக்க நிலையம் என்ற தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. சுற்றி வளர்ந்த குடியேற்றத்தின் பெயர் டோன். தமிழில் விடியல் என்று பொருள். நல்ல நாட்களில் அங்கே சுமார் 500 பேர் வாழ்ந்தார்கள்.

அந்தப் பகுதியில் கறுப்பு வால்நட் மரங்கள் நிறைய இருந்தன. மக்கள் அவற்றை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். யோசியா பொஸ்டன் நகரத்து நண்பர்களிடம் உதவி பெற்று, மரம் அரியும் ஆலையை அமைத்து, பலகைகளை விற்கச் செய்தார். 1851இல் இங்கிலாந்தின் லண்டனில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சிக்குக் கண்ணாடிபோல் மெருகேற்றிய நான்கு பலகைகளைக் கொண்டுபோனார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அங்கே விக்டோரியா மகாராணியும் நின்று அவற்றைப் பார்த்தார். அருங்காட்சியகத்தில் மரம் அரியும் ஆலையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்குக் கடன் ஏறியது. நிர்வாகத்தில் சச்சரவு வந்தது. யோசியாவையும் குறை சொன்னார்கள். 1868இல் பள்ளி மூடப்பட்டது. சொத்தை விற்ற பணம் சாத்தம் நகரில் வேறொரு பள்ளிக்கு உதவியது. சபை வேலையில் ஈடுபட்டவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல நோக்கத்தோடு கூடுகிற இடத்திலும் கணக்கு வழக்கில் மனக்கசப்பு வரும். ஆனால் அங்கே படித்த பிள்ளைகளின் படிப்பு மூடப்படவில்லை.

118 பேர்

கனடாவுக்கு வந்து தன் குடும்பத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் கென்டக்கியில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஒருவருடைய வேதனையைக் கேட்டு, யோசியா மறுபடி அந்த அடிமை நாட்டுக்குள் கால்நடையாகப் போனார். பிடிபட்டால் கசையடியும் விற்பனையும் நிச்சயம். அப்படி ஒருமுறையல்ல, பல முறை போனார். தன் சரிதையில் அவர் சொல்லியிருக்கிறபடி, அவர் வழிகாட்டிக் கனடாவுக்குக் கொண்டுவந்தவர்கள் 118 பேர்.

18 என்ற எண்ணையும் 118 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் இது கடன் அடைக்கும் கணக்கல்ல. அந்த 18 பேரில் பிரிக்கப்பட்ட தாயும் பிள்ளையும் இதனால் ஒன்றுசேர்ந்துவிடவில்லை. யோசியாவும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. செய்த தவறைச் செய்யாததாக மாற்ற முடியாது. அதற்குப்பின் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மனந்திரும்புதல் என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் திரும்பி நடப்பது என்றுதானே பொருள்?

நாவலும் பெயரும்

1849இல் யோசியாவின் வாழ்க்கைச் சரிதை பொஸ்டனில் வெளியானது. அவர் சொல்ல, சாமுவேல் எலியட் என்பவர் எழுதினார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் 1852இல் ஹரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய அங்கிள் டொம்ஸ் கேபின் என்ற நாவல் உலகத்தையே உலுக்கியது. அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே 3 இலட்சம் பிரதிகள் விற்றன. நாவலுக்கு ஆதாரமான உண்மைச் சம்பவங்களை அம்மையார் அடுத்த ஆண்டு தனிநூலாக வெளியிட்டபோது, அதில் யோசியாவையும் குறிப்பிட்டார். அதுமுதல் மக்கள் அவரையே டொம் மாமா என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் நாவலின் டொம் எஜமானின் அடியில் இறந்துபோகிறவர். யோசியா தப்பி வந்து மற்றவர்களையும் தப்புவித்தவர். நாவலை மேடை நாடகமாக்கியவர்கள் டொம்மை எஜமானுக்கு வளைந்து கொடுக்கும் கிழவனாகக் காட்டினார்கள். காலப்போக்கில் அந்தப் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. டிரெஸ்டன் அருங்காட்சியகமும் நீண்டகாலம் அந்த நாவலின் பெயரையே தாங்கி நின்றது. 2022இல் அதை மாற்றி, யோசியா ஹென்சன் ஆபிரிக்கக் கனடிய வரலாற்று அருங்காட்சியகம் என்று பெயரிட்டார்கள். எஜமான் வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை வாழ்ந்து தனதாக்கிக்கொண்டவர் அவர்.

1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததை யோசியா உயிரோடு இருந்து கண்டார். 1877இல் விக்டோரியா மகாராணி அவரை வின்ட்சர் மாளிகைக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ஹேய்ஸ் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார். 1883 மே 5ஆம் தேதி, 93ஆம் வயதில், டிரெஸ்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1983இல், கனடா அவருடைய படத்தோடு தபால்தலை வெளியிட்டது. கனடியத் தபால்தலையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவர் அடிமையாக உழைத்த மேரிலாந்துத் தோட்ட வீடும் இன்று அவருடைய பெயரில் ஓர் அருங்காட்சியகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் அடக்கமான அதே டிரெஸ்டனில், 1940களிலும் சில உணவகங்கள் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்தன. 1949இல் இதைத் தடுக்க வேண்டுமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். ஹியூ பேர்னெட் என்ற தச்சுத் தொழிலாளியும் அவருடைய நண்பர்களும் விடாமல் போராடியதால் 1954இல் ஒன்ராறியோ அரசு அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. விடுதலை ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை அல்ல.

நமக்கு

சொல் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை என்று வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறோம். கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் யோசியாவின் வாழ்க்கை இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது. நான் காப்பாற்றும் இந்த வாக்குக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? என் நல்ல பெயருக்காகப் படகில் இருக்கும் மற்றவர்களைக் கரை இறங்கவிடாமல் தடுக்கிறேனா?

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து துன்புறுத்தும்போது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நண்பனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கலாம். வேலையிடத்தில், வீட்டில், சபையில், வெளியே சொல்லக்கூடாது என்று நாம் மூடிவைத்த காரியங்கள் இருக்கலாம். அந்த நேரத்தில் சின்சினாட்டித் துறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரும் கோடை விடுமுறையில், முடிந்தால் ஆகஸ்ட் 1ஆம் தேதி விடுதலை நாளையொட்டி, பிள்ளைகளை டிரெஸ்டனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மரவீட்டுக்குள் போங்கள். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு சின்னப் பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு, கார் நிற்கும் இடம்வரை நடந்து பாருங்கள். நிலவில்லாத இரவில், இரண்டு பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு அவர் நடந்த தூரம் அப்போது கொஞ்சம் விளங்கும்.

ஒவ்வொரு மனிதனுக்காகவும் மரித்த ஆண்டவர், நமக்குத் தந்த விடுதலையை நல்லபடி பயன்படுத்த நம் ஒவ்வொருவருக்கும் கிருபை தருவாராக. ஆமென்.